எண்பத்து மூன்றாம் கட்டம்

போர்டுக்காரருக்குக் கோணல் என்றால் ஆகவே ஆகாது. டீக்கடையில் உட்கார்ந்தால் டீயைக் குடிக்க மாட்டார். எதிர்ச் சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் பொறுப்பார். அப்புறம் எழுந்துபோய் அதை நேராக்கிவிட்டு வந்தால்தான் தொண்டையில் எதுவும் இறங்கும். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். அதற்கும் கடைக்காரரைத்தான் திட்டுவார்.

கடைப் பலகைகளில் பெயர் எழுதுவது அவர் தொழில். மருந்துக் கடை, பல் டாக்டர், சைக்கிள் கடை, இரண்டு பள்ளிக்கூடம் என்று அந்தப் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் எழுத்துதான் கண்ணில் படும். சுண்ணாம்புத் தூள் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி ஒரு சுண்டு சுண்டுவார். பலகையில் நேர்க்கோடு விழும். அதன்மேல் நிற்கும் எழுத்துகளில் ஒன்று இன்னொன்றைவிட மயிரிழை கூடாது, குறையாது. முப்பத்தைந்து வருடமாக இதே வேலை.

"இவரு செத்துப்போனாலும் பெட்டிக்குள்ள நேராத்தான் படுத்திருக்கோமான்னு ஒரு தடவ எழுந்து பாத்துட்டுத்தான் மறுபடி படுப்பாரு" என்று அவர் மனைவி சொல்வாள். அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை டிக்கெட் அக்கா என்று கூப்பிட்டார்கள். பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள். வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பாள். வரிசையில் தள்ளுமுள்ளு செய்பவனை அவள் கண்ணாடிக்கு உள்ளிருந்தே ஒரு வார்த்தையில் உட்கார வைத்துவிடுவாள். பிள்ளை கிடையாது. அந்தக் குறையை இரண்டு பேரும் பேசிப் பேசியே தேய்த்துவிட்டிருந்தார்கள்.

பதினோரு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோதே அவளுடைய வலது கை மேசைமேல் பொத்தென்று விழுந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்களாம். அன்றோடு வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறியது இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் பேசத்தான் அவளுக்கு எதுவும் இல்லாமல் போயிற்று. மூன்றாவது மாடி எண்பத்து மூன்றாம் வீட்டிலிருந்து அவள் கீழே இறங்கவே இல்லை. லிப்ட் ஓடுகிற நாளிலும் இறங்கவில்லை. "இந்தக் கோலத்தை யாருக்குக் காட்ட?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

போர்டுக்காரர் அவளைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. காலையில் தலைவாரி விடுவார். வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவார். மதியம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கரண்டியால் ஊட்டிவிடுவார். ஒரு பருக்கை தாடையில் ஒட்டினால் போதும், துண்டோடு தயாராக நிற்பார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வாரம் ஒருமுறை வருகிற நர்ஸ் மட்டும் முணுமுணுப்பாள். "இடது கைய அவங்களே பழக்கணும்யா. சிந்தட்டும், சிதறட்டும், விடுங்க." இவரும் சரி சரி என்று தலையாட்டுவார். நர்ஸ் போனதும் மனைவி இடது கையால் கரண்டியைப் பிடிப்பாள். கரண்டி வாய்க்கும் மூக்குக்கும் நடுவே வழி தெரியாமல் தடுமாறும். இவர் அரை நிமிடம் பார்ப்பார். அதற்குமேல் தாங்காது.

"இரு இரு, குடு, நான் பண்றேன்."

அவள் கரண்டியைக் கொடுத்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் சுவர்ப் பொண்ணு வந்தாள். குடியிருப்பில் அவளுக்கு விழுந்த பெயர் அது; அவள் உண்மையில் ஓவியம் படித்தவள். ஏதோ ஒரு கலை அமைப்பு அவளை அனுப்பியிருந்தது. குடியிருப்பைச் சுற்றியுள்ள மதிலின் உள்பக்கத்தில், கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி, நூற்றைம்பது அடி நீளத்துக்கு வெறும் சுவர் கிடந்தது. தொண்ணூற்றாறு வீடு, தொண்ணூற்றாறு கட்டம். ஒவ்வொரு வீடும் தன் கட்டத்தில் தனக்குத் தோன்றியதை வரைய வேண்டும். இதுதான் அவள் கொண்டுவந்த யோசனை. முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர் தண்ணீர் வராததைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர்கள். அவளும் சளைக்காமல் ஒரு நோட்டில் தண்ணீர்ப் புகாரை எல்லாம் எழுதிக்கொண்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் தலையில் கட்டினாள். அடுத்த கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள்.

"ஒரே ஒரு விதிதான்" என்றாள் அந்தப் பெண். "யார் வேணா வரையலாம். ஆனா ஒருத்தர் வரைஞ்சதுமேல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. நல்லா இல்லன்னு தோணினாலும் கூடாது."

போர்டுக்காரர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். ஆனாலும் கட்டம் போட வேறு ஆள் கிடையாது. மூன்று அடிக்கு மூன்று அடி, மேலே நாற்பத்தெட்டு, கீழே நாற்பத்தெட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நூலைச் சுண்டிச் சுண்டிப் போட்டு முடித்தார். முடித்ததும் தன் வீட்டுக் கட்டத்தின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கிறுக்கலுக்கு நடுவுல ஒண்ணாவது உருப்படியா இருக்கட்டும்மா. எண்பத்து மூணுல நான் ஒண்ணு போட்டுத் தரேன்."

"அண்ணே, நீங்க ஊருக்கே எழுதியாச்சு" என்றாள் சுவர்ப் பொண்ணு. "வீட்டுல அக்கா இருக்காங்களே, அவங்கள நான் ஒரு தடவ கேட்டுப் பாக்கட்டுமா?"

"அவளா? அவளால ஆகாதும்மா. கேட்டு மனச நோகடிக்காத."

அவள் கேட்கத்தான் செய்தாள். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிக்கெட் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள். போர்டுக்காரர் கதவுப் பக்கத்தில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"இந்தக் கையாலயா?" என்று கேட்டாள் அவர் மனைவி, மடியில் கிடந்த வலது கையைப் பார்த்து.

"அந்தக் கையால எப்படிக்கா முடியும்? இன்னொண்ணு சும்மாதானே இருக்கு."

டிக்கெட் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு மாதத்தில் முதல் சிரிப்பு. போர்டுக்காரர் அதைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் கீழே இறங்கினாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கீழ்வரிசைக் கட்டம் நெஞ்சுக்கு நேராக வந்தது. முதல் நாள் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தபோது தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் நாள் அவளே ஆரம்பித்தாள். "என்ன, இங்க டிக்கெட்டா குடுக்கிறாங்க? வரிசையில நில்லுங்க." கேட்டவர்கள் சிரித்தார்கள். பழைய டிக்கெட் அக்கா வந்துவிட்டாள் என்று வீடு வீடாகச் செய்தி போயிற்று.

அவள் வரைந்தது கைகள். கவுண்டர் கண்ணாடியின் அடியில் அரைவட்டமாக ஒரு துளை இருக்கும். அந்தத் துளை வழியாக இருபத்திரண்டு வருடம் அவள் பார்த்தது முகங்களை இல்லை, கைகளைத்தான். மருதாணி அழியாத கை, சிமெண்ட் வெடிப்பு உள்ள கை, பிள்ளையின் கையைப் பிடித்த கை, எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்யாமல் நடுங்குகிற கை. ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. ஆறு நாள் உட்கார்ந்து பதினொரு கைகளை வரைந்தாள். பிரஷ் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கோடு ஒரு பக்கம் போனால் நிறம் இன்னொரு பக்கம் போயிற்று. விரல்கள் வீங்கியும் வளைந்தும் கிடந்தன.

"கையா இது, கத்திரிக்காயா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அவள் சிரித்தாள். ஆனால் கண்ணை எடுக்காமல் வரைந்தாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க வரைந்தாள்.

வீட்டுக்குள்ளும் மாற்றம் தெரிந்தது. நான்காம் நாள் மதியம் அவர் கரண்டியை எடுத்தபோது, "வைங்க, நான் சாப்பிட்டுக்கிறேன்" என்றாள். பாதி மடியில் விழுந்தது. பாதி வாய்க்குப் போனது. ஐந்தாம் நாள் சீப்பையும் வாங்கிக்கொண்டாள். வகிடு நெற்றியில் ஆரம்பித்துக் காதுப் பக்கம் போய் முடிந்தது. அதோடேயே கீழே போனாள். போர்டுக்காரர் வகிட்டைப் பார்க்காமல் இருக்க ரொம்பவும் பாடுபட்டார். ஆனால் அவருக்குள் பெரிய சந்தோஷம் இருந்தது. போனவள் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் முழுசாக வந்துவிடுவாள் என்று அவருக்குப் புரிந்தது. அந்தச் சுவரைத் தவிர வேறு எந்த மருந்தும் அவளிடம் வேலை செய்யவில்லை என்பதும் புரிந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் சுவரின் ஓரத்தில் கரை போட்டுக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறு கட்டமும் நிறைந்துவிட்டன. ஒரு வீட்டில் மீன்தொட்டி, ஒரு வீட்டில் அடுத்த வீட்டுக்காரரின் நாய், இன்னொரு வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக் குறுக்கே கோடு போட்டுக்கொண்ட அரை அரைக் கட்டம். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். எண்பத்து மூன்றின் முன்னால் நின்றார்கள்.

"இது எந்தக் குழந்தை வரைஞ்சதோ?"

"குழந்தையா? இதப் பாரு, நாலு விரல். கணக்குக்கூட வராத குழந்தை."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சுவரைப் பார்த்தார்கள், தோன்றியதைச் சொன்னார்கள். ஆனால் போர்டுக்காரர் கரை போடுவதை நிறுத்திவிட்டார். நாளைக்கு நாலு ஊர் ஆட்கள் வருவார்கள். கவுன்சிலர் வருகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார். அவள் சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். யாராவது இப்படிச் சிரித்தால்? அவள் காதில் விழுந்தால்? ஏறி வந்த அத்தனை படியும் சறுக்கிவிடுமே. அவளுக்காகத்தான் பயந்தார். தனக்காகவும் கொஞ்சம் கூச்சப்பட்டார். போர்டுக்காரர் வீட்டுக் கட்டம் இப்படியா என்று யாராவது கேட்பார்களே என்ற கூச்சம். இரண்டில் எது எவ்வளவு என்று அன்றைக்கு அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பிரஷ்ஷை எடுத்தார்.

ஒரே ஒரு கோடு என்றுதான் ஆரம்பித்தார். அரைவட்டத் துளை முட்டை மாதிரி சப்பையாக இருந்தது, அதை மட்டும் சரியான அரைவட்டமாக்கினார். அது சரியானதும் பக்கத்திலிருந்த மணிக்கட்டு இன்னும் மோசமாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்தார். மணிக்கட்டு சரியானதும் விரல்கள் சகிக்கவில்லை. நகத்துக்கு ஒரு வெளிச்சம், மடிப்புக்கு ஒரு நிழல். நான்கு விரல் கைக்குச் சுண்டுவிரல் ஒன்று வைத்தார். எதையும் அவர் மாற்றவில்லை என்றே நினைத்தார். அதே பதினொரு கை, அதே இடம், அதே நிறம். அவள் வரைய நினைத்ததைத்தானே நாம் வரைகிறோம், அவள் கைக்கு வராததுதானே நம் கைக்கு வருகிறது என்று நினைத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பின்னால் நகர்ந்து பார்த்தார். சுவரிலேயே அழகான கட்டம் அதுதான். பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மாடி ஏறினார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக மாடி ஏறினார் என்பதை நினைத்தால்தான் நமக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அவள் தானே உடுத்திக்கொண்டாள். பொத்தான் ஒன்று துளை மாறிப் போயிருந்தது. அவர் கை அதை நோக்கி நீண்டபோது தட்டிவிட்டாள். "விடுங்க. என்னோட பொத்தான்."

கீழே கூட்டம். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, அவள் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாயைப் பார்த்து அதன் சொந்தக்காரரைக் கிண்டல் செய்தாள். சண்டைக்காரக் கட்டத்தைப் பார்த்து, "இவங்களுக்கு எப்பவும் தனித்தனி டிக்கெட்தான்" என்றாள். எண்பத்து ஒன்று, எண்பத்து இரண்டு. எண்பத்து மூன்றைப் பார்த்தாள். தாண்டிப் பார்வை எண்பத்து நான்குக்குப் போனது. எண்பத்து ஐந்து. திரும்பி வந்தது.

"நம்ம கட்டம் எங்கங்க?"

"இதுதாம்மா. இதோ, நேர் எதிர்ல."

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்குள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா! இடது கையிலயா இது? நம்பவே முடியலையே!"

"அண்ணன் கைக்குக் கொஞ்சமும் குறையலக்கா."

பத்திரிகைக்காரர் அவளையும் கட்டத்தையும் சேர்த்துப் படமெடுத்தார். கவுன்சிலர் குனிந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கி, ஊனம் ஒரு தடையே இல்லை என்பதற்கு அம்மாவே சாட்சி என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். டிக்கெட் அக்கா அத்தனைக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் வண்டி தாமதம் என்று சொல்லும்போது வைத்துக்கொள்கிற சிரிப்பு அது. சுவர்ப் பொண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள், கட்டத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கட்டத்தைப் பார்த்தாள், போர்டுக்காரரைப் பார்த்தாள். அவர் நகத்திடுக்கில் பழுப்பு நிறம் இன்னும் இருந்தது. அவள் பார்வை அந்த நகத்தில் போய் நின்றபோதுதான் அவருக்கு முதல்முறையாக ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவர் மனைவி சொன்னாள்:

"அந்த ஆளுக்கு நாலு விரல்தாங்க. மரம் அறுக்கிற மில்லுல வேல. திங்கக்கிழமை காலையில முதல் வண்டிக்கு வருவாரு. அஞ்சாவது விரல் அவருக்குக் கிடையாது."

"தெரியாம... தப்பா விழுந்துடுச்சோன்னு நெனச்சு..."

"ம்."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். தட்டை விட்டெறிந்திருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார். அவள் எதுவும் செய்யவில்லை. அன்று மதியம் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தபோது இடது கை மடியை விட்டு எழவில்லை. அவர் காத்திருந்தார். இந்த முறை அரை நிமிடம் இல்லை, பத்து நிமிடம் காத்திருந்தார். சோறு ஆறியது. கடைசியில் அவரே கரண்டியை எடுத்தார். அவள் வாயைத் திறந்தாள்.

மறுநாள் தலைவாரிவிட்டார். பொத்தான் போட்டுவிட்டார். எல்லாம் பழையபடி பிசிறில்லாமல் நடந்தது.

சுவர்ப் பொண்ணு வந்தாள். அவர் அவள் காலில் விழாத குறையாக அழுதார். "உன் போன்ல அவ வரைஞ்ச படம் இருக்காம்மா? பாத்து அப்படியே திரும்பப் போட்டுடறேன்." அவளிடம் இருந்தவை எல்லாம் டிக்கெட் அக்கா வரைந்துகொண்டிருக்கும் படங்கள். முதுகும் தோளும் கட்டத்தை மறைத்திருந்தன. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. அவர் அதை வைத்து ஒரு அட்டையில் தன் இடது கையால் வரைந்து பார்த்தார். வந்தது வெறும் நடிப்பு. கோணல்கூட ஒரே அளவில் கோணலாக இருந்தது. கிழித்துப் போட்டார்.

அந்தப் பெண் உள்ளே போய் அவளிடம் கேட்டாள். "அக்கா, மேல வெள்ளை அடிச்சுத் தரேன். மறுபடியும் வரையுறீங்களா?"

"வேணாம்மா" என்றாள் டிக்கெட் அக்கா. "அது இருக்கிறபடியே இருக்கட்டும். யாரும் தொட வேண்டாம்."

போர்டுக்காரர் இதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். தன் தப்பு எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கேயே இருக்கட்டும் என்று அவள் நினைக்கிறாள், அந்தப் பொய்யான கட்டம் அங்கே இருக்கிறவரை அவள் மனசு ஆறாது என்று முடிவு கட்டினார்.

ஒரு மாதம் போயிற்று. சங்கச் செயலாளர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, எண்பத்து மூன்றாம் கட்டத்தை மட்டும் பெரிய படமாக எடுத்து வாசலில் மாட்டப்போகிறோம், அடியில் அக்கா பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். போர்டுக்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டே, வந்தவர் போனவர் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

"அது அவ வரைஞ்சது இல்ல. நான் மேல வரைஞ்சது. அவ வரைஞ்சதை நான்தான் கெடுத்தேன்."

யாரோ "பாவம், ஆசையில செஞ்சிருக்காரு" என்றார்கள். போர்டுக்காரர் சுவர்ப் பொண்ணுக்குப் போன் செய்து அவளிடமும் சொன்னார்: இன்றைக்கு அந்தக் கட்டத்தைத் துடைத்து வெள்ளையாக்கிவிடப் போகிறேன், பொய் இருந்த இடத்தில் வெறும் சுவர் இருக்கட்டும், அவள் மனசு வந்தால் வரையட்டும், வராவிட்டால் அப்படியே கிடக்கட்டும். அந்தப் பெண், "அக்காவ கேட்டுட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். அவர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

இரவு பத்து மணிக்கு மாத்திரை போட்டு அவள் தூங்குகிற நேரம். அவர் சாமான்களோடு இறங்கினார். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய அவருக்குத் தெரியாது. முதலில் தகட்டால் சுரண்டினார். அப்புறம் முரட்டு உப்புத்தாள், அப்புறம் நயமான உப்புத்தாள். தூள் காலடியில் கொட்டியது. மேலே ஒரு பழுப்பு உதிர்ந்தது. அதற்கடியில் அதைவிடத் தடிமனாக, திட்டுத் திட்டாக இன்னொரு பழுப்பு இருந்தது. காரை தெரிகிறவரை தேய்த்தார். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பிரைமர் அடித்து, வெள்ளையை இரண்டு முறை அடித்தார். முடிக்கும்போது மணி இரண்டு. கண்ணாடி மாதிரி வழவழப்பான வெள்ளைக் கட்டம். இன்றைக்காவது அவள் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினார்.

அவள் விழித்திருந்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதைச் சொன்னார். வெள்ளை அடித்ததைச் சொன்னார். "இப்ப அது சுத்தமா இருக்கும்மா. என்னோடது ஒண்ணும் அங்க இல்ல" என்றார்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். முழங்கை வரை வெள்ளைத் தூள் படிந்திருந்தது.

"சுரண்டினீங்களா?"

"என்னது?"

"வெள்ளை அடிக்கிறதுக்கு முன்னாடி. சுரண்டிட்டு அடிச்சீங்களா, அப்படியே மேல அடிச்சீங்களா?"

"சுரண்டாம அடிச்சா ரெண்டு மழையில உரிஞ்சு வந்துடுமே. காரை தெரியுற வரைக்கும் சுரண்டிட்டுத்தான் அடிச்சேன்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் வழிந்தது. துடைக்க அவள் கை எழவில்லை. அவர் துண்டை எடுத்து நீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க வேலைக்குப் போனதும் தினம் ஜன்னல்கிட்ட போவேங்க" என்றாள் மெதுவாக. "ஒத்தக் கையால தள்ளினா வண்டி சுத்திச் சுத்தி நிக்கும். எப்படியோ முட்டி மோதிப் போய் உக்காந்துடுவேன். அங்கேருந்து பாத்தா நம்ம கட்டம் தெரியும். மேல இருக்கிறது உங்களது. அதுக்கு அடியில என்னோடது இருக்குன்னு நெனச்சுக்குவேன். நாலு விரல் மனுஷன் உள்ள பத்திரமா இருக்காருன்னு நெனச்சுக்குவேன். யாருக்கும் தெரியாட்டிப் போகுது, எனக்குத் தெரியுமில்ல. அத வச்சுத்தான் திரும்ப ஒரு நாள் கரண்டியப் பிடிக்கலாம்னு இருந்தேன்."

போர்டுக்காரர் கையிலிருந்த துண்டை நான்காக மடித்தார்.

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமேங்க."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். செருப்பு வாரின் இடுக்கில் பழுப்புத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மேலே இருந்த பழுப்பா, அடியிலிருந்த பழுப்பா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்திருந்தன. செயலாளரிடம் சொல்லியிருந்தார். சுவர்ப் பொண்ணிடம் சொல்லியிருந்தார். கார் நிறுத்துமிடத்தில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தார். மூன்று மாடி ஏறி வந்து இவள் ஒருத்தியிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.